தலைப்பெழுத்துக்குப் பூ கேட்டார்கள்

கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர்களிடம் ‘வேண்டாம்’ என்று ஒரு பதிலை வாங்கிவிட்டால் நீங்கள் பெரிய ஆள்தான். தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. ‘பாக்கலாமுங்க’ என்றால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். ‘ரோசன பண்ணிச் சொல்றேனுங்க’ என்றால் அந்த யோசனை அப்போதே முடிந்துபோனது என்று அர்த்தம். ‘நல்லாத்தானுங்க இருக்குது’ என்று ஒன்று சொல்வார்களே, அதற்குத்தான் இன்றுவரை யாராலும் அர்த்தம் கண்டுபிடிக்க முடியவில்லை. நிஜமாகவே நன்றாக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், சகிக்காவிட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

மெர்சி பெருந்துறையில் பிறந்தவள். இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள், அடுத்தவர்களுக்குச் சொல்லியும் வளர்ந்தவள். அதனால்தான், அன்றைக்கு அவள் வீட்டு மாடியறையில் மூன்று ஆம்பளைகள் நின்றுகொண்டு, சுவரில் ஒட்டியிருந்த இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டுமே நல்லாத்தானுங்க இருக்குது” என்று சொல்லிவைத்த மாதிரி சொன்னபோது அவளுக்கு அது பாராட்டாகப் படவில்லை.

இரண்டு தாளிலும் இருந்தது ஒரே சொல்: கொட்டு. தை மாதம் வெளிவரப்போகிற இசை இதழின் பெயர் அது. ஜமாப் மேளக்காரர்கள், சர்ச் பாட்டுக் குழு, சபா கச்சேரி, காலேஜ் பையன்களின் பேண்டு என்று கொங்கு நாட்டில் சத்தம் எழுப்புகிற அத்தனை பேரைப் பற்றியும் எழுதப்போகிறார்கள். ஆசிரியர் கதிரேசன், மெர்சியின் கணவன். அச்சடித்துத் தரப்போகிறவர் கோட்டைமேட்டில் பிரஸ் வைத்திருக்கும் அஃப்தாப் பாய். பின்னால் நின்று நடத்தப்போகிறவர் அவிநாசி ஈஸ்வரமூர்த்தி. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டியே பெரிய ஆளானவர். அவர் இல்லாவிட்டால் இதழ் இல்லை.

முதல் தாளில் இருந்தது மெர்சி கையால் வரைந்த எழுத்து. அவளுக்குத் தொழிலே அதுதான், கல்யாணப் பத்திரிகைகளுக்கு எழுத்து வரைவது. மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் கொடியும் சுழியுமாக வரைந்து கொடுப்பாள். கேட்டவர்கள் எல்லாம் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். முகூர்த்தம் முடிந்த மறுநாள் அந்தப் பத்திரிகை பரணுக்கோ குப்பைக்கோ போய்விடும். அவள் கையெழுத்து ஊரில் எத்தனையோ வீடுகளுக்குள் போய் எத்தனையோ குப்பைத்தொட்டிகளில் விழுந்திருக்கிறது. மாதாமாதம் கடையில் தொங்குகிற, யாரும் மறுநாள் தூக்கிப் போடாத ஒரு எழுத்து தன் கையிலிருந்து வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கதிரேசன் இதழ் தொடங்குவதாகச் சொன்ன நாளிலிருந்து வேறு நினைப்பே இல்லாமல் அந்த மூன்றெழுத்தை வரைந்துகொண்டிருந்தாள். அவனும் ஒவ்வொரு தடவையும் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்து, “நல்லா இருக்குது கண்ணு” என்பான்.

இரண்டாவது தாள் எப்படி வந்தது என்பதில்தான் அவளுக்குச் சந்தேகம். அஃப்தாப் பாயின் அக்கா மகள் ரிஃபத் பெங்களூரில் எழுத்துரு வடிவமைப்பு படித்துவிட்டு அங்கேயே வேலையில் இருக்கிறாள். “சும்மா சொல்லிட்டு இருந்தேன் தம்பி, புள்ள சும்மா செஞ்சு அனுப்பிப்போட்டா” என்று பாய் கதிரேசனிடம் போனை நீட்டினார். சும்மாவாம். கோட்டைமேட்டில் பிரஸ் நடத்துகிற மனிதர் எதையாவது சும்மா செய்வாரா? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதே மெர்சி கணக்குப் போட்டுவிட்டாள். முதலில் தலைப்பெழுத்து, அப்புறம் உள்ளே முழுக்க அந்தப் பெண்ணின் ஃபாண்ட், அதற்கப்புறம் ‘வடிவமைப்பு: ரிஃபத்’ என்று இதழில் பெயர். மெர்சி யார்? ஆசிரியர் வீட்டு அம்மா, டீ கொண்டுவருகிறவள்.

அதிலிருந்து எதைப் பார்த்தாலும் அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. கதிரேசனும் பாயும் போனில் பேசிச் சிரித்தால் அவள் உள்ளே வந்ததும் பேச்சு மழைக்கும் வெயிலுக்கும் தாவியது. ‘தலைப்பு எப்ப முடிவு பண்றதுங்க’ என்று கேட்டால், ‘ஆவட்டும் கண்ணு, என்ன அவசரம்’ என்றான். அவசரமில்லையா? கார்த்திகை பிறந்துவிட்டது. தையில் இதழ் வரவேண்டும். ‘உன்றதுதான் கண்ணு’ என்று புரட்டாசியில் சொன்ன மனுஷன், இப்போது நாலு பேர் முன்னால் ‘ரெண்டுமே’ என்கிறான். அஃப்தாப் பாய் அவன் மனதைக் கலைத்துவிட்டார் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் ஐயமில்லை.

வெளியாள் ஒருவரிடமாவது நியாயம் கேட்கலாம் என்று இரண்டு தாளையும் சுருட்டிக்கொண்டு காந்திபுரத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ராமுலுவிடம் போனாள். அவர் காலையிலிருந்து ராத்திரி வரை எழுத்தோடேயே புழங்குகிறவர். இரண்டையும் மேசைமேல் விரித்து, “எதுங்கண்ணா நல்லா இருக்குது?” என்று கேட்டாள்.

ராமுலு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, “இதுல உங்களுது எதுங்க அம்மணி?” என்றார்.

“அது எதுக்குங்கண்ணா?”

“இல்லீங்க, உங்களுது எதுன்னு தெரிஞ்சுபோட்டா சொல்றதுக்குக் கொஞ்சம் தோதா இருக்குமுங்க.”

மெர்சி தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இந்த ஊரை வைத்துக்கொண்டு என்னத்தைச் செய்வது?

கடைசியில் வழி சொன்னவர் ஈஸ்வரமூர்த்திதான். அடுத்த கூட்டத்திலும் யாரும் வாய் திறக்காமல் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏனுங்க, இப்புடியே மூஞ்சி மூஞ்சியப் பாத்துட்டு இருந்தா ஆவுங்களா? எங்க குலசாமிகிட்டப் பூ கேட்டுப் பாத்துப்போடலாமுங்க. ஆத்தா என்ன சொல்றாளோ அதுவே இருக்கட்டும்” என்றார்.

கொங்குப் பக்கத்தில் பூ கேட்பது ஊருக்கே பழக்கம். கல்யாணம் பேசுவதற்கும் கிணறு வெட்டுவதற்கும் நோம்பி சாட்டுவதற்கும் ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ என்று இரண்டு பொட்டணம் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். கண்ணை மூடி எடுக்கிற பொட்டணத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சாமி வாக்கு. ஆனால் ஒரு எழுத்துருவுக்காகப் பூ கேட்டதை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மெர்சி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அஃப்தாப் பாய் தொழுகைக்குப் போவதால் வெள்ளிக்கிழமை மதியம் பிரஸ்ஸில் மெஷின் ஓடாது. மறுத்துச் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். ஆனால் பாய் முதல் ஆளாக, “பெரியவர் சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க” என்றார். அவர் அத்தனை சுலபமாகச் சம்மதித்ததும் மெர்சிக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. ஏற்பாடு செய்துகொள்ளாமலா ஒரு மனுஷன் இப்படித் தலையாட்டுவான்?

இரண்டு எழுத்தையும் சீட்டாக அச்சடித்துக் கொண்டுவருவது பாயின் பொறுப்பு என்று முடிவானது. வேறு யாரிடம் பிரஸ் இருக்கிறது? திருடன் கையிலேயே சாவியா என்று மெர்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே, “சரீங்க” என்றாள்.

அவிநாசி தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் சோளக்காட்டுக்கு நடுவில் அந்தக் கோயில். சின்னக் கோயில்தான். முன்னால் நாலு தூணோடு ஒரு மண்டபம், பக்கத்தில் ஒரு வேப்பமரம். காரில் போகும்போது மெர்சி அஃப்தாப் பாயின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் மடியில் இருந்த ஒட்டிய கவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறங்கினதும் பாய் கவரை அப்படியே நீட்டினார்.

“கதிரேசன் தம்பியே பொட்டணம் கட்டட்டும்” என்றார். “நான் கட்டுனா நாளைக்கு ஒரு பேச்சு வரும். நான் வெளிய மரத்தடியில இருக்கறேன்.”

என்ன ஒரு பத்தரைமாற்றுத் தங்கம் என்று மெர்சி மனதுக்குள் பல்லைக் கடித்தாள். கவருக்குள்ளேயே வேலையை முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார். கதிரேசன் கவரையும், அரளிப்பூவையும், இரண்டு துண்டு வாழையிலையையும், நாரையும் எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனான். மெர்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மரத்தடியில் நிற்கிற மனுஷன் போனை எடுக்கிறாரா, பூசாரிக்கு ஜாடை காட்டுகிறாரா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரேசன் வர நேரமானது. முடிச்சுப் போடத் தெரியாத மனுஷன், நாரோடு மல்லுக்கட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

பொட்டணங்கள் ஆத்தாவின் காலடிக்குப் போயின. பூசாரி சூடம் காட்டிவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுத்து ஈஸ்வரமூர்த்தியின் கையில் வைத்தார். அவர் நாரைப் பிரித்து, பூவை ஒதுக்கி, சீட்டை விரித்துத் தூக்கிக் காட்டினார். கட்டை கட்டையான, நேர்ப்பட்ட எழுத்து. ரிஃபத்தின் எழுத்து.

மெர்சி சட்டென்று அஃப்தாப் பாயைத்தான் பார்த்தாள். அவர் மரத்தடியிலிருந்து இரண்டடி முன்னால் வந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சிரிக்க வேண்டிய மனுஷன் பேயறைந்த மாதிரி நின்றார். கையும் களவுமாக மாட்டுகிறவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஆத்தா சொல்லிப்போட்டா” என்று ஈஸ்வரமூர்த்தி கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இனி இதுல ஒருத்தரும் கை வெக்கப்புடாதுங்க. கேட்ட வாக்கை மாத்தறது ஆத்தாளையே பொய்யாக்கற மாதிரி. அம்மணி, உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். “நல்லதுங்க” என்றாள் மெர்சி. கதிரேசன் அவள் தோளில் கை வைத்தான். அவன் உள்ளங்கை சில்லென்று வேர்த்திருந்தது. எனக்காக வருத்தப்படுகிறான் பாவம் என்று நினைத்தாள்.

மற்றவர்கள் பொங்கல் வாங்கப் போன நேரத்தில் அவள் மெல்லக் கருவறைப் பக்கம் போய், “அந்த இன்னொரு பொட்டணத்தைக் குடுப்பீங்களா ஐயா, அதுல இருக்கறது என்ற எழுத்துங்க, ஊட்டுல வெச்சுக்கறேன்” என்று பூசாரியிடம் கேட்டாள். “அதுக்கென்ன” என்று அவர் எடுத்துக் கொடுத்தார். தூண் மறைவில் நின்று பிரித்தாள். உள்ளே அரளிப்பூ. பூவுக்கு அடியில் சீட்டு. சீட்டில் ரிஃபத்தின் எழுத்து.

இரண்டிலும் அதே எழுத்து. ஆத்தா என்ன, யார் கண்ணை மூடி எடுத்தாலும் மெர்சியின் எழுத்து வந்திருக்க வழியே இல்லை.

காரில் திரும்பும்போது சீட்டு அவள் கைப்பைக்குள் இருந்தது. ஈஸ்வரமூர்த்தி முன்னால் ஆத்தா விஷயத்தில் தில்லுமுல்லு என்று வாயெடுத்தால் இதழே நின்றுபோகும், கதிரேசன் நடுத்தெருவில் நிற்பான். அதனால் அடக்கிக்கொண்டாள். ஆனால் பாயை விடுவதாக இல்லை. கவரில் வந்த சீட்டைக் கதிரேசன் பிரித்துக்கூடப் பார்க்காமல் கட்டியிருப்பான் என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை கதிரேசனிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேராகக் கோட்டைமேட்டுக்குப் போனாள். பிரஸ்ஸில் மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. அஃப்தாப் பாய் அவளைப் பார்த்ததும் எழுந்து, மெஷினை நிறுத்தச் சொல்லி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. சீட்டை மேசைமேல் வைத்தாள்.

“ரெண்டு பொட்டணத்துலயும் இதுதான் இருந்துச்சுங்க பாய். உங்க அக்கா மக எழுத்துத்தான் வேணும்னா நேராவே சொல்லியிருக்கலாமுங்க. சாமியைக் கூட்டு சேத்திருக்க வேண்டாம்.”

பாய் சீட்டைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

“இது நான் அடிச்சதில்லம்மா” என்றார் கடைசியில். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “நான் அடிச்சது இந்த அட்டையில. கட்டிங் மெஷின்ல குடுத்து நாலு பக்கமும் நறுக்குனு வெட்டுனேன். இது வெறும் தாளு. கையில கிழிச்சிருக்குது பாருங்க.”

“அப்ப உங்க சீட்டு எங்கீங்க?”

“தெரியலம்மா. கவர்ல ரெண்டு சீட்டு வெச்சேன்.” அவர் குரல் தணிந்தது. “ரெண்டுலயும் உங்க எழுத்தைத்தான் வெச்சேன்.”

மெர்சிக்கு முதலில் விளங்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

“எங்க புள்ளையோடது வந்துச்சுன்னு வைங்க, ஊரு என்ன பேசும்? பாய் தன் ஆளைக் கொண்டாந்து நுழைச்சுட்டாருன்னு பேசும். ஊரை உடுங்க, உங்க மனசுல அதுதானே ஓடிட்டு இருந்துச்சு? எனக்குத் தெரியுமும்மா. அந்த மனவருத்தம் நமக்குள்ள வேண்டாம்னுதான் ரெண்டுலயும் உங்களுதே வெச்சேன். தப்புத்தான். நேத்து அந்தச் சீட்டை விரிச்சுக் காட்டுனப்ப எனக்கு உசிரே போயிருச்சு.”

நல்ல கதை என்று நினைத்தாள் மெர்சி. மாட்டிக்கொண்டவன் சொல்கிற கதை எப்போதும் இப்படித்தான் நேர்த்தியாக இருக்கும். “அப்ப எதுங்க பாய் நல்ல எழுத்து? அதையாவது சொல்லுங்க.”

“அதெல்லாம் நான் என்னத்தம்மா கண்டேன்” என்று அவர் அவசரமாக டீக்குச் சொல்லப் போனார்.

அவள் சீட்டைத் திரும்ப எடுத்தாள். கைப்பையில் போடப் போனவள் வெளிச்சத்தில் ஒரு நொடி நிறுத்தினாள். எழுத்துக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக மயிரிழை மாதிரி ஒரு வெளிறிய கோடு. அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு மாடியறையில் இருக்கும் பிரிண்டர் எந்தத் தாளை அடித்தாலும் அந்தக் கோடு விழும். அதைச் சரிபண்ணுங்கள், சரிபண்ணுங்கள் என்று கதிரேசனிடம் எத்தனையோ தடவை தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறாள். நேற்றுவரை அவன் சரிபண்ணவில்லை.

டீ வருவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். வழியெல்லாம் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தத் தூணுக்குப் பின்னால் நேரமாக்கிக்கொண்டு நின்ற ஆளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே, அத்தனை நேரமும் ஒரு நல்ல மனுஷனையே முறைத்துக்கொண்டிருந்தேனே என்று அவமானமாக இருந்தது.

கதிரேசன் மாடியறையில் உட்கார்ந்து ஏதோ கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தான். அவள் சீட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே நின்றாள். அவன் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பேனாவை மூடி வைத்தான். மறைக்கப் பார்க்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

“கவரைப் பிரிச்சா ரெண்டுமே உன்றதா இருந்துச்சு” என்றான். “ஒண்ணை மட்டும் மாத்தலாம்னுதான் போனேன். பையில ரிஃபத் எழுத்தை நம்ம பிரிண்டர்ல அடிச்சுப் பாத்த டெஸ்ட் பிரிண்ட் தாளுக இருந்துச்சு. ரெண்டைக் கிழிச்சு வெச்சுப்போட்டேன்.”

“என்னத்துக்குங்க?”

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

“எனக்கு இதெல்லாம் புதுசில்ல மெர்சி” என்றான், கேட்காததற்குப் பதிலாக. “நம்ம கல்யாணத்துக்கு எங்கம்மா பூ கேட்டாங்களே, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ளையக் கட்டலாமான்னு. வெள்ளை வந்தாச் சரி, செவப்பு வந்தா வேண்டாம்னு. அன்னைக்கும் பொட்டணம் கட்டுனது நாந்தான். ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன்.”

பன்னிரண்டு வருஷமாக மாமியார் அந்த வெள்ளைப் பூவைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். வேறொரு நாளாக இருந்தால் மெர்சி வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள், அவனைக் கட்டிக்கூடப் பிடித்திருப்பாள். இப்போது நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அது நம்ம ரெண்டு பேருக்காக ஊரை ஏமாத்துனது. எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் நார் கட்டியிருப்பேன். இது என்னை ஏமாத்துனது. என்னத்துக்குன்னு கேக்கறேன்.”

“உன்ற எழுத்து...” என்றான். நிறுத்தினான். “உன்ற எழுத்து சரியில்ல மெர்சி.”

அந்த ஊரில், அந்த வீட்டில், அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன்னால் சொல்லப்பட்டதே இல்லை.

“கையில கல்யாணம் ஏறிப்போச்சு உனக்கு. கொட்டுன்னா அடி உழுகோணும். படிக்கறவன் காதுல கேக்கோணும். உன்றது மணமேடையில பட்டுச்சேலை கட்டிக் குந்தியிருக்குது. ரிஃபத் எழுத்து வந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“புரட்டாசியில உன்றதுதான்னு சொன்னீங்களே.”

“எப்புடிச் சொல்றது? மூணு மாசமா நீ அதுலயே கெடந்தே. சொன்னா அழுவே. உம்மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வாய் வரல. சாமி சொல்லீட்டா நீ மனசைத் தேத்திக்குவேன்னு நெனச்சேன்.”

“அழுதிருப்பேன்” என்றாள் மெர்சி. “அன்னைக்குப் பூரா அழுதிருப்பேன். அழுதுபோட்டு, மூஞ்சியக் கழுவிப்போட்டு, மறுக்கா வரைஞ்சிருப்பேன். அதுக்கு நேரம் இருந்துச்சு. புரட்டாசியில சொல்லியிருந்தா நேரம் இருந்துச்சு. இப்ப ஆத்தா வாக்குன்னு அந்தப் பெரியவர் கதவைச் சாத்திப்போட்டார். எழுத்து மோசம்னு நீ சொல்லியிருந்தா எனக்கு எழுத்துத்தான் போயிருக்கும். நீ நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு சொல்லி எனக்கு இருந்த நேரத்தைத் தின்னுபோட்டே.”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனித்தார்கள். கதிரேசனுக்குக் கண் கலங்கியது. சட்டென்று போனை எடுத்தான்.

“ஈஸ்வரமூர்த்தி ஐயாகிட்டச் சொல்லிப்போடறேன். நாந்தான் மாத்துனேன்னு சொல்றேன். இன்னொருக்கா வரையறதுக்கு நாள் கேக்கறேன். என்ன ஆனாலும் ஆவட்டும்.”

போன் மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தான். “சொல்லுங்க கதிரேசன்” என்று அந்தப் பக்கம் கணீரென்று குரல் வந்தது. “ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? அம்மணி மனசுல ஒண்ணுமில்லீங்களே? ராத்திரிப் பூரா ஆத்தா நெனப்புத்தானுங்க எனக்கு. மனசு அவ்வளவு நெறவா இருக்குதுங்க.”

கதிரேசன் வாயைத் திறந்தான். மெர்சி அவன் உதட்டையே பார்த்தாள். எவ்வளவு நேரம் திறந்திருந்ததோ தெரியாது.

“ஒண்ணுமில்லீங்க” என்றான். “சும்மா கூப்பிட்டேனுங்க. எல்லாம் சௌக்கியமுங்க.”

போனை வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். மெர்சிக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது, அந்தப் பரிதாபத்தின்மேல் எரிச்சலும் வந்தது. போனைப் பிடுங்கித் தானே சொல்லலாமா என்று ஒரு கணம் கை போனது. அந்தப் பெரியவரின் நிறைந்த மனதை நினைத்ததும் கை திரும்பிவிட்டது. அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே.

முதல் இதழ் ரிஃபத்தின் எழுத்தோடுதான் வரும். அது முடிந்துபோன காரியம். அவள் சுவருக்குப் போய்த் தன் தாளைப் பிய்த்தெடுத்தாள். கதிரேசன் கிழிக்கப்போகிறாள் என்று பயந்து எழுந்தான். அவள் அதை மேசைமேல் விரித்து, நாலு மூலையிலும் புத்தகத்தை வைத்து, ஒரு சிவப்புப் பென்சிலை அவன் கையில் திணித்தாள்.

“எங்கெங்க தப்புன்னு காட்டு.”

“இப்ப எதுக்கு மெர்சி? இதுதான் வரப்போறதில்லையே.”

“காட்டுன்னு சொன்னேன்.”

அவன் கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தான். “இந்தக் கொம்பு கொஞ்சம்...” என்றான்.

“கொஞ்சமா?”

“இல்ல. நொம்பவே. இவ்வளவு உள்ள சுத்தக்கூடாது. இங்கேயே நின்னுபோகோணும்.” ஒரு கோடு போட்டான். அப்புறம் இன்னொன்று. “இந்த ட்-டுக்கு மூலையே இல்ல. மூலை இருந்தாத்தான் அடி. நீ எல்லாத்தையும் மழுக்கிப்போடறே. அந்தக் காரமடைக்காரங்க பத்திரிகையிலயும் இப்படித்தான் செஞ்சே, மாப்பிள்ளை பேரு பொண்ணு பேரு மாதிரி இருந்துச்சு. அதுக்கு முன்னால அந்த டீச்சர் ஊட்டுக் கல்யாணத்துலயும்...”

அவன் சொல்லச் சொல்ல மெர்சி தாளை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் வரைந்த ஒவ்வொரு எழுத்தும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. எது எங்கே சறுக்கியது, எந்த வளைவு அனாவசியம் என்று அத்தனையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஊரில் யாரும் பார்க்காத பார்வையை அவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் தோளுக்குப் பின்னால் நின்று ‘நல்லா இருக்குது கண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இந்தக் கண்ணைத் தனக்குக் கொடுத்திருந்தால் தான் இப்போது எங்கே இருந்திருப்போம் என்று நினைத்ததும் அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது.

கதிரேசன் பென்சிலை வைத்துவிட்டான்.

“நிறுத்தாதே” என்றாள்.

அவன் சொன்னான். டு-வின் சுழியைச் சொன்னான், எழுத்துகளுக்கு நடுவில் விட்ட இடத்தைச் சொன்னான். தாள் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. “அவ்வளவுதான்” என்று நிமிர்ந்தான். மெர்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். இதிலும் எனக்கு வலிக்குமே என்று எதையாவது மிச்சம் பிடிக்கிறானா? பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்த முகம். இப்போதுதான் அதில் எது நிஜம் எது பொய் என்று தேட வேண்டியிருந்தது.

“அவ்வளவுதானா?”

அவன் கண்ணைத் தாழ்த்தினான். தாளைப் பார்த்தான்.

“இல்ல” என்றான். “இன்னும் இருக்குது.”

மெர்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.